வாழ்த்து அட்டைப் பிறை

"அதோ பாரு ரஹமத். அந்த வாட்டர் டேங்க் இருக்குல்ல, அதுக்கு இந்தப் பக்கம். மலைக்கு மேல ஒரு ஜாண். அந்தக் கறுப்பு மேகம் ரெண்டா பிரியுதே, அதுக்கு நடுவுல!"

நான் மேற்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ரஹமத் என் தோளில் முகவாயை வைத்து, என் கை போகும் திசையில் ஒற்றைக் கண்ணால் குறி பார்க்கிறாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறாள். அவள் வாயில் இன்னும் பேரீச்சம்பழ வாசனை. அவள் நோன்பு திறந்த கையோடு இருவரும் மாடிக்கு ஓடி வந்திருந்தோம்.

பக்கத்து மொட்டைமாடியிலிருந்து அவளுடைய நாத்தனார் நசீமா கத்துகிறாள். "அண்ணி! தெரியுது அண்ணி! படகு மாதிரி!"

"தெரியுதா?" என்று நான் கேட்கிறேன்.

"ஏதோ வெள்ளையா…" என்கிறாள் ரஹமத். அவ்வளவுதான். மேகம் மூடிக்கொண்டது. அன்றைக்கு அது மறுபடி திறக்கவே இல்லை.

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடி அது. தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ரமலானும் கிறிஸ்துமஸும் ஒட்டி ஒட்டி வந்த வருடங்கள். என் பால்கனியில் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் சற்றுக் கடுப்போடு கடிதம் போட்டிருக்கிறார். யார் என்ன பேசினார்கள், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்றெல்லாம் இத்தனை வருடம் கழித்து எப்படி அம்மா ஞாபகம் இருக்கிறது, அடித்து விடுகிறீர்களா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். நசீமா அன்றைக்குப் பச்சைத் துப்பட்டா போட்டிருந்தாள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவளை நினைத்தாலே எனக்குப் பச்சைத் துப்பட்டாதான் ஞாபகம் வரும். அன்றும் அதைத்தான் போட்டிருந்தாளா என்று கேட்டால் தெரியாது. ஆகவே நிறத்தை விட்டுவிடுகிறேன். வாசகருக்கு என் நன்றி.

பிறை மட்டும் தெரியும். அதை நான் பார்த்தேன். நகம் வெட்டிப் போட்டது போல அத்தனை மெல்லியது. இரண்டு முனையும் மேலே பார்த்தபடி, லேசாக இடது பக்கம் சாய்ந்து இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வாணியம்பாடியில் இறங்கியவள்

நானும் ரஹமத்தும் ஒரே பெண்கள் கல்லூரியில் வேலை பார்த்தோம். அவள் தாவரவியல், நான் தத்துவம். அவள் வகுப்பில் உட்கார இடம் இருக்காது. என் வகுப்பில் நாற்காலிகள்தான் ஜாஸ்தி. கீழ்வீடு அவளுடையது, மேல்வீட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரி, சக ஆசிரியை, தோஸ்த் என்று மூன்று வேடமும் அவள் ஒருத்தியே போட்டாள். என் வீட்டுக்காரர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆபீசில் இருந்தார். அவர் பஸ் பிடித்து வந்து சேர ராத்திரி ஆகிவிடும் என்பதால், என் மாலைப்பொழுதுகள் எல்லாம் ரஹமத் வீட்டில்தான்.

வருடா வருடம் முதல் வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதுவேன். 'எனக்குத் தெரியும் என்று சொல்ல, எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?' பெண்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

பிறகு, அறியும் வழிகளான அளவைகளுக்கு வருவேன். கண்ணால் கண்டு அறிவது காண்டல். கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கும் என்பது கருதலுக்கு எல்லா ஊரிலும் சொல்லும் உதாரணம். நான் அதை மாற்றிச் சொல்வேன். "பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறீர்கள். குப்பென்று தோல் நாற்றம் அடிக்கிறது. என்ன ஊர்?" "ஆம்பூர் மிஸ்!" என்று கொட்டாவி விட்டவள்கூட எழுந்து கத்துவாள்.

அந்த உதாரணத்துக்கு ஒரு பின்கதை உண்டு. ஒரு முறை சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். பஸ்ஸில் நல்ல தூக்கம். நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஊர் வந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு தடதடவென இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகு பார்த்தால் வாணியம்பாடி. அங்கேயும் தோல் பதனிடுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான், தூக்கத்தில் மூக்குக்குத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன். ரஹமத்திடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் நசீமா பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

"தருக்கம் சொல்லித்தர்ற டீச்சர் மூக்க நம்பி எறங்கிட்டாங்க!" என்று கல்லூரி முழுக்கப் பரப்பினாள் பாவி.

வெங்காயத் தோல்

அவள் வகுப்பு எப்படி நடக்கும் என்றும் சொல்ல வேண்டும். நான் இரண்டு மூன்று தடவை அவளுடைய ஆய்வகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வருடப் பெண்களுக்கு வெங்காயத் தோலை உரித்து, சாயம் போட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொடுப்பாள். பார்த்ததை ரெக்கார்ட் நோட்டில் வரைய வேண்டும். ரெக்கார்டில் கையெழுத்து விழாமல் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விட மாட்டார்கள். அதனால் பெண்கள் மும்முரமாக வரைவார்கள். செங்கல் அடுக்கியது போல வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அழகான ஒரு பொட்டு. பார்க்க லட்சணமாக இருக்கும்.

ரஹமத் ஒவ்வொருத்தியின் மைக்ராஸ்கோப்பிலும் குனிந்து பார்ப்பாள். பிறகு நோட்டைப் பார்ப்பாள். "இன்னா இது?"

"செல் மேடம்."

"உன் கண்ணாடியில ஒரு பெரிய காத்துக் குமிழிதான் இருக்கு. செல்லு எங்க பாத்த?"

அந்தப் பெண் முழிப்பாள். புத்தகத்தில் இருக்கும் படத்தைத்தான் வரைந்திருப்பாள்.

"நீ பாத்தத வரை. குமிழிய பாத்தா குமிழிய வரை. நான் கையெழுத்து போடறேன். பாக்காத செல்ல வரைஞ்சா போட மாட்டேன்."

ஒரு பெண் நிஜமாகவே குமிழியை வரைந்து, பக்கத்தில் 'குமிழி' என்று எழுதிக் கொண்டுவந்தாள். ரஹமத் சொன்னபடி கையெழுத்துப் போட்டாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் எங்கள் முதல்வர் ரஹமத்தைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி ஆயிற்று. அவள் அசையவில்லை. எனக்கு அப்போது அவள்மேல் கொள்ளைப் பெருமை.

டிக்கெட் போட்டவன் செய்த கணக்கு

அந்த வருடம் பிறை ரஹமத்துக்கு ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு இம்தியாஸைச் சொல்ல வேண்டும். அவளுடைய ஒரே மகன். தகப்பன் இறந்த மறு வருடமே சவுதிக்கு வேலைக்குப் போனவன். போனதிலிருந்து ஒரு பெருநாளுக்குக்கூட ஊரில் இல்லை. அதற்குப் பதிலாக வருடம் தவறாமல் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான். ரஹமத் அதையெல்லாம் ஷோகேஸ் கண்ணாடியில் செருகி வைத்திருந்தாள். எல்லா அட்டையிலும் நட்டுக்குத்தலாக நிற்கும் ஒரு தங்கப் பிறை, அதன் வளைவுக்குள் ஒரு நட்சத்திரம், கீழே பள்ளிவாசல் மினார்.

அந்த வருடம்தான் முதல் தடவையாக ரமலானில் லீவு கிடைத்தது. ஆனால் பெருநாள் முடிந்த கையோடு வேலையில் நிற்க வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. பையன் அங்கே உட்கார்ந்து, அங்குள்ள காலண்டரைப் பார்த்து, ஊரில் ஒரு நாள் தள்ளி வரும் என்று கணக்குப் போட்டு, திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிட்டான். பிறை இருபத்தொன்பதில் தெரிந்தால் கணக்கு சரி. காலையில் தொழுகை, மத்தியானம் அம்மா கையால் சாப்பாடு, இரவு சென்னையிலிருந்து விமானம்.

தெரியாவிட்டால் கதை வேறு. இங்கே பெருநாள் வருவதற்கு முந்தின நாள் அவன் கிளம்ப வேண்டும். போய் இறங்கும்போது அங்கே பெருநாள் முடிந்திருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே அவனுடைய பெருநாள் காணாமல் போய்விடும். டிக்கெட்டை மாற்றப் பார்த்தான், இடமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ரஹமத் பிறை தெரியும் என்றே நம்பி எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். பால்காரரிடம் ஷீர் குர்மா பாயசத்துக்குக் கூடுதல் பால் சொல்லியாயிற்று. கறிக்குச் சொல்லியாயிற்று. மகனுக்கு வெள்ளை ஜிப்பா தைத்து இஸ்திரி போட்டு மாட்டியாயிற்று. "வானம் மட்டும்தான் பாக்கி" என்று அன்று காலையில் என்னிடம் சொன்னாள்.

யார் பார்த்தது செல்லும்?

மேகம் மூடிய பிறகு கீழே இறங்கி வந்தோம். நசீமாவும் வந்துவிட்டாள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஆண்கள் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தெருவெல்லாம் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சென்னையிலும் மழை மேகம், வேலூரிலும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்று போனில் சேதி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்த கரீம் பாய் மட்டும் தன் மாடியிலிருந்து பார்த்ததாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதில் ஒரு முறை இருக்கிறது. வானம் பளிச்சென்று இருந்தால், ஒருவர் இருவர் பார்த்தேன் என்று சொன்னால் எடுக்க மாட்டார்கள். அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பார்கள். மேகமாக இருந்தால் சில பேர் சாட்சி போதும். பெருநாள் வைக்க இரண்டு ஆண்கள், இல்லையென்றால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும். தத்துவம் படித்தவளுக்கு இந்த முறையில் ஒரு அழகு தெரிந்தது. ஆணுக்குப் பெண் பாதிதானா என்று ஒரு நாள் நான் சண்டைக்கும் போயிருக்கிறேன்.

"நீ அந்தப் பாதியிலகூட இல்ல. உனுக்கு இன்னா பேஜாரு?" என்று ரஹமத் என் வாயை அடைத்துவிட்டாள்.

அது உண்மை. நான் கிறிஸ்தவள். பிறையை ஊரிலேயே நன்றாகப் பார்த்தவள் நானாக இருக்கலாம், என் பார்வை இதில் செல்லாது.

இம்தியாஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தான். "அம்மி, நான் பள்ளிவாசலுக்குப் போறேன். நானும் பாத்தேன். கரீம் பாயும் நானும், ரெண்டு பேரு. போதும்."

ரஹமத் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க பாத்த?"

"தெருமுனையில. தொழுதுட்டு வெளிய வர்றப்போ."

"எப்படி இருந்துச்சு? கையில காட்டு."

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினான். நட்டுக்குத்தலாக நிற்கும் பிறை. நானும் நசீமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரஹமத் திரும்பி ஷோகேஸைப் பார்த்தாள். அங்கே வரிசையாக அவன் அனுப்பிய பிறைகள் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தன.

"நட்சத்திரத்த விட்டுட்டியேடா" என்றாள்.

பையனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து போயிற்று. ஆறடி ஆள், அம்மா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "உனக்காகத்தான் அம்மி சொன்னேன்."

"தெரியும் பேட்டா. உக்காரு" என்று அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவன் கையை விடவே இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம்

கொஞ்ச நேரத்தில் ஹஜ்ரத்தே வந்துவிட்டார். பள்ளிவாசலில் தொழ வைக்கும் பெரியவர். மாடியில் பெண்கள் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடத்துக்கும் வாசல் அறைக்கும் நடுவே திரை தொங்கியது. அவர் அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார், நாங்கள் இந்தப் பக்கம். வழக்கமாக இந்த வீடுகளில் உருதுதான் ஓடும். நான் இருக்கிறேன் என்று தெரிந்து அவர் தமிழிலேயே பேசினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

முதலில் நசீமாவைக் கேட்டார். அவள் தடங்கல் இல்லாமல் சொன்னாள். மலைக்கு மேலே, டேங்குக்கு இடது பக்கம், படகு மாதிரி, மேகம் மூடும்வரை பார்த்தேன் என்றாள்.

"கரீம் பாயும் அப்படியேதான் சொன்னாரு" என்றார் ஹஜ்ரத். அவர் குரலிலேயே ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு ஆண், ஒரு பெண் ஆயிற்று. இன்னும் ஒருத்தி போதும். "டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. அவசரம் இல்ல. இன்னா பாத்தீங்களோ அத சொல்லுங்க."

இம்தியாஸ் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ரஹமத்தின் முழங்கையை இடித்தேன்.

"வெள்ளையா ஒரு கீத்து பாத்தேன் ஹஜ்ரத்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர்.

"இருங்க, இன்னும் முடிக்கல. நசீமா படகுன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் பாத்தேன். கிரேஸ் கை காட்டினதுக்கு அப்புறம்தான் பாத்தேன். கண்ணாடி வேற பனியில மங்கிப்போச்சு. நான் பாத்தது பிறையா, மேகத்தோட ஓரமான்னு எனக்கு சொல்லத் தெரியல."

ஹஜ்ரத் மிக மெதுவாகக் கேட்டார். "உங்க மனசு இன்னா சொல்லுதும்மா?"

"மனசு பிறைன்னுதான் சொல்லுது" என்றாள் ரஹமத். அவள் குரல் உடைந்தது. "என் புள்ள நாளைக்குப் போறான் ஹஜ்ரத். என் மனசு வேற இன்னா சொல்லும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பார்த்தேன் ஐயா! நல்லாப் பார்த்தேன். சத்தியமா இருந்தது" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"நீங்க சொன்னா நெசமாத்தான் இருக்கும்மா" என்றார் அவர். நிஜமாகவே சங்கடப்பட்டார், அது குரலில் தெரிந்தது. "நான் நம்பறேன். ஆனா இதுல எடுத்துக்க முடியாதே."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் உடனே போய்விடவில்லை. ரஹமத் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றிருப்பார் போலிருக்கிறது. அப்புறம் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நாளையும் நோன்பு.

எங்கள் சண்டை

நாங்கள் இரண்டு பேரும் பெரிதாகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான்.

"நாளைக்குப் பெருநாள்தான். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அப்புறம் என்னடி வீம்பு?" என்றேன்.

"தெரியும்தான். பாக்கலியே."

"நான் பாத்தேன்ல? என்னை நம்பலியா நீ?"

"உன்ன நம்பாம யார நம்பப் போறேன்? நீ பாத்தன்னு எங்க வேணா வந்து சொல்றேன். நான் பாத்தேன்னு எப்படிச் சொல்றது? ஊரே என் கண்ண நம்பி நோன்ப விடும் கிரேஸ். என் கண்ணு என் புள்ளைக்காக பாக்குது. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

இது உன் வெங்காயத் தோல் இல்லை, பெற்ற பிள்ளையின் பெருநாள் என்று சொல்லிவிட்டு நான் படியேறி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அந்தம்மா பண்ணதுதான் சரி" என்றார். அன்றைக்கு அவருக்கு மோர் சாதம் மட்டும்தான்.

இவ்வளவு வருடம் கழித்தும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பிறர் சொல்லை நம்பித்தான் நாம் பாதி வாழ்க்கை வாழ்கிறோம். நான் பிறந்த நாள் எனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னாள், நம்பினேன். உரையும் ஓர் அளவைதான் என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஆனால் கேட்டதைக் கண்டதாகச் சொல்ல அதில் இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த மெல்லிய கோட்டில் அவள் தனியாகப் போய் நின்றுகொண்டாள். அங்கே நிற்க அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசிக்க அன்றைக்கு என் கோபம் என்னை விடவில்லை.

மறுநாள்

மத்தியானத் தொழுகை முடிந்ததும் வாடகைக் கார் வந்தது. நான் முறைப்பை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். ரஹமத் ஒரு பிளாஸ்கில் நோன்புக் கஞ்சியும், ஒரு டப்பாவில் பேரீச்சம்பழமும் வைத்துக் கொடுத்தாள். வழியில் நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும்.

வெள்ளை ஜிப்பாவை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். "அங்க போய் போட்டுக்கோ."

"அங்க போறப்போ அங்க பெருநாள் முடிஞ்சிருக்கும் அம்மி" என்றான் இம்தியாஸ். குறை சொல்லும் குரலில்லை, சும்மா சொன்னான். சொன்னவன் என்ன நினைத்தானோ, பெட்டியைத் திறந்து ஜிப்பாவை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டான். அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டுக் காரில் ஏறினான். ரஹமத் அழவில்லை. கார் திருப்பத்தில் மறைந்த பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. நோன்பு திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் தெருவில் ஒரே ஆரவாரம். பையன்கள் வெடி போட்டார்கள். மலைக்கு மேல் நல்ல உயரத்தில், பருமனாக, பிறை நின்றது. யாரும் யாருக்கும் கை காட்ட வேண்டியிருக்கவில்லை.

ரஹமத் மாடிக்கு வரவில்லை. நான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். இத்தனை பெரிய பிறை ஒரே நாளில் வளர்ந்திருக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. முதல் நாளே பிறந்துவிட்ட பிறை. மறுநாள் பருமனைப் பார்த்து முந்தின நாளைக் கணக்குப் பண்ணக் கூடாது என்பதும் முறையாம். கருதலுக்கு அங்கே இடமில்லை, கண் பார்க்க வேண்டும்.

"நேத்து நீ பாத்தது நெசம்" என்றாள்.

"ஆமாம்."

"அவன் இருந்திருக்கலாம்."

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். நேற்றைய கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கீழே எல்லா வீட்டிலும் சேமியா வறுக்கும் நெய் வாசனை.

போன் அடித்தது. இரண்டு பேரும் படியில் விழுந்தடித்து இறங்கினோம். அவள் எடுத்தாள், நான் ரிசீவரின் மறுபக்கம் காதை வைத்தேன். விமான நிலையத்து பூத்திலிருந்து பேசினான்.

"அம்மி, பிறை பாத்தேன்."

"எங்கடா?"

"ஸ்ரீபெரும்புதூர் கிட்ட. நோன்பு தொறக்க டிரைவர் வண்டிய நிறுத்தினாரு. கீழ எறங்கி வந்த வழிய திரும்பிப் பாத்தேன். நம்ம ஊரு பக்கம்தான் இருந்துச்சு."

ரஹமத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஆய்வகத்தில் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

அவன் சற்று யோசித்தான். பின்னால் ஏதோ விமான அறிவிப்பு ஓடியது.

"படுத்த மாதிரி இருந்துச்சு அம்மி. ரெண்டு முனையும் மேல. இடது பக்கம் துளி சாஞ்சு. பக்கத்துல நட்சத்திரம் ஒண்ணும் இல்ல."

ரஹமத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டே இருந்தது.

"சரி பேட்டா" என்றாள். "நான் கையெழுத்து போட்டுட்டேன்."